இரண்டு போத்தல் குளிசையும் ஒரு பொய்யும்

சாவகச்சேரி,
மாசி மாதம்.

தம்பி,

உன் கடிதம் என் கைக்கு வந்து சேர இரண்டு மாதம் சென்றுவிட்டது. கொழும்பிலிருந்து வந்த ஒரு வாத்தியார் கொண்டு வந்து தந்தார். மூன்று பேரின் கை மாறி, மடிப்பெல்லாம் கிழிந்திருந்தது. உன் எழுத்து மட்டும் மாறவில்லை, அதே கோழி கிளறிய எழுத்துத்தான். உன் கலியாணப் பேச்சைப் பற்றி நாலு வரி எழுதியிருக்கிறாய். உன் நோய் வருத்தத்தைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். நித்திரையிலே மூச்சு நின்று நின்று வருகிறதாம், வேலையிடத்தில் கதிரையிலிருந்தபடியே தூங்கிப்போகிறாயாம், லண்டனில் ஒரு ஆஸ்பத்திரியில் இதற்கென்று புதிதாக ஒரு குளிசையைப் பரிசோதித்துப் பார்க்கிறார்களாம், அதற்கு நீயும் பெயர் கொடுத்திருக்கிறாயாம். அப்பாவுக்கும் இந்த வருத்தம் இருந்ததா, அவர் எதனால் செத்தார் என்று அந்த டொக்டர்மார் கேட்கிறார்கள், ஒரு வரியில் எழுதிவிடுங்கோ அம்மா என்று முடித்திருக்கிறாய். ஒரு வரியில் எழுதப் பார்த்தேன். முடியவில்லை. பதினொரு வருடமாக நான் ஒரு வரியிலேயே எல்லோருக்கும் மறுமொழி சொல்லி வந்தவள். அதனால் வந்த வினையைத்தான் இனி எழுதப் போகிறேன். பொறுமையாக வாசி.

ஓம், அப்பாவுக்கும் இருந்தது. உன் கழுத்து அவருடைய கழுத்துத்தான், கட்டையும் தடிப்பும். அவருடைய குறட்டை எங்கள் ஒழுங்கை முனை வரைக்கும் கேட்கும் என்று நீயும் உன் சிநேகிதர்களும் சிரித்ததை நான் மறக்கவில்லை. நானும் சேர்ந்து சிரித்தவள்தான். சோற்றுக் கவளத்தைக் கையில் பிடித்தபடி தூங்குவார். பூசை நடக்கும்போது கோயில் தூணில் சாய்ந்து தூங்குவார். ஒருமுறை சைக்கிளில் வந்தபடியே கண் சொருகிப்போய்க் கிடுகு வேலிக்குள் புகுந்தார். தோட்ட வேலை செய்கிற மனிசன், களைப்பு என்றுதான் நினைத்தோம். ஆனால் நீ மனதில் வைத்திருக்கிற ஒன்று எனக்குத் தெரியும். நீ வெளிநாடு போக வெளிக்கிட்ட அன்று, தெல்லிப்பழை ஸ்டேசனில், நீ ரெயிலில் ஏறிக் கையைக் காட்டினபோது உன் அப்பா மர வாங்கில் சாய்ந்திருந்து தூங்கிக்கொண்டிருந்தார். நான் தோளைப் பிடித்து உலுக்கினேன். அவர் கண்ணைத் திறந்தபோது ரெயிலின் கடைசிப் பெட்டிதான் தெரிந்தது. லண்டனிலிருந்து நீ எழுதின முதல் கடிதத்திலேயே, "அப்பாவுக்கு என்னை அனுப்புவதில் கவலை இருந்ததாகத் தெரியவில்லை" என்று எழுதியிருந்தாய். அந்தக் கடிதத்தை அவருக்கு வாசித்துக் காட்டும்போது அந்த வரியை விட்டுவிட்டுத்தான் வாசித்தேன். ஆனால் பிறகு அவராகவே எடுத்து, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி வாசித்துவிட்டார். அன்றைக்கு முழுக்க அவர் ஒருவரோடும் கதைக்கவில்லை. அடுத்த நாள் காலையில் வந்து, "ஒரு நல்ல டொக்டரிட்டைக் காட்டுவம்" என்றார். தலையிடி என்று கூட ஆஸ்பத்திரி வாசல் மிதிக்காத மனிசன் அவர்.

உன் பெரிய மாமாவுக்கு டவுனில் ஒரு டொக்டரைத் தெரியும். வெளிநாட்டில் படித்துவிட்டு ஊருக்கே திரும்பி வந்தவர், இளம் ஆள். மாமாதான் எங்களைக் கூட்டிக்கொண்டு போனார். எண்பத்து மூன்றுக் கலவரத்துக்கு அடுத்த வருடம், ஆவணி மாதமாக இருக்க வேண்டும். டொக்டர் அப்பாவின் தொண்டைக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார், கழுத்தை நாடாவால் அளந்தார். நித்திரை வந்தவுடன் தொண்டைச் சதை தளர்ந்து மூச்சுப் போகிற வழியை அடைத்துவிடுகிறது, மூச்சு முட்டி முட்டி அவர் தன்னை அறியாமலே முழிக்கிறார், அதனால் படுக்கையில் எவ்வளவு நேரம் கிடந்தாலும் அவர் நித்திரை கொண்டதாகக் கணக்கில்லை என்று விளங்கப்படுத்தினார். இதற்கென்று மருந்து இன்னும் இல்லை, ஆனால் வேறொரு வருத்தத்துக்குக் கொடுக்கிற குளிசை ஒன்று இதற்கும் கேட்கும் போலிருக்கிறது, நான் ஏழெட்டுப் பேருக்குக் கொடுத்துப் பரிசோதித்துப் பார்க்கிறேன், விருப்பமென்றால் நீங்களும் சேரலாம் என்றார். அப்பா உடனே ஓம் என்றார். ஏன் என்று டொக்டர் கேட்கவில்லை. அவராகவே சொன்னார். "பெடியன் திரும்பி வாற நேரம் நான் முழிச்சிருக்க வேணும், டொக்டர்." அவர் அந்த அறையில் வாய் திறந்து சொன்னது அந்த ஒன்றுதான்.

பிறகு டொக்டர் ஒரு கடதாசியை எடுத்து ஒவ்வொன்றாகக் கேட்டார். என்ன சாப்பாடு, சுருட்டுப் பிடிக்கிறவரா, நித்திரைக் குளிசை போடுகிறவரா. கடைசியில், "ஐயா கள்ளு, சாராயம் பாவிக்கிறவரோ?" என்றார். அப்பா வாயைத் திறந்தார். நான் முந்திக்கொண்டேன். "எங்கடை வீட்டிலை உந்தப் பழக்கம் இல்லை" என்றேன். டொக்டர் குனிந்து எழுதினார்.

உனக்குத் தெரியும், ஒவ்வொரு நாளும் தோட்டத்தால் வருகிற வழியில் தவறணையில் பனையோலையில் மடித்த பிளாவால் ஒன்று, சில நாளில் இரண்டு, கள் குடித்துவிட்டுத்தான் அப்பா மத்தியானச் சாப்பாட்டுக்கு வருவார். வெறித்துச் சத்தம் போட்டவரல்ல. யாருக்கும் கை நீட்டினவரல்ல. மண்ணோடு மாரடிக்கிறவர்கள் எல்லோரும் குடித்ததைத்தான் அவரும் குடித்தார். ஆனால் என்னைக் கலியாணம் பேசின காலத்தில், குடிக்கிற குடும்பத்தில் தங்கச்சியைக் கொடுக்க மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றவர் உன் பெரிய மாமா. நான்தான் அம்மா மூலமாக, மாப்பிள்ளை தொடமாட்டாராம் என்று சொல்லி அனுப்பினேன். அப்போது அது மெய்யா பொய்யா என்று எனக்கே தெரியாது. எனக்கு அவரைப் பிடித்திருந்தது, அவ்வளவுதான். அன்றிலிருந்து இருபத்திரண்டு வருடம் அந்தச் சொல்லை நான் காப்பாற்றி வந்தேன். அண்ணை படலைக்குள் வருவது தெரிந்தால் அப்பாவை வாய் கொப்பளிக்க அனுப்புவேன். வெற்றிலையை வாயில் திணிப்பேன். வீட்டுக்குக் கள் கொண்டுவந்து குடிக்கிற சில நாளில், கையிலிருந்த பிளாவை அப்பா முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு, சிறு பிள்ளை மாதிரி நின்று அண்ணையோடு வெங்காய விலை கதைத்ததை நீயும் கண்டிருப்பாய். அந்த அறையில் அண்ணை எனக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தார். என்னால் ஓம் என்று சொல்ல முடியவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அண்ணை முன்னுக்கு இருந்தார். நாங்கள் இருவரும் பின்னுக்கு இருந்தோம். கொஞ்சத் தூரம் போனபிறகு அப்பா மெதுவாகச் சொன்னார். "நான் சொல்லியிருப்பன். உம்மடை முகத்தைப் பார்த்தன், விட்டிட்டன்." கோபமாகச் சொல்லவில்லை. எனக்கு ஏதோ உதவி செய்துவிட்டவர் மாதிரிச் சொன்னார். நானும் அதை உதவியாகவே எடுத்துக்கொண்டேன். ஒரு பிளாக் கள்ளுக்கும் குறட்டைக்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்தேன். டொக்டர் சும்மா எல்லோரிடமும் கேட்கிற கேள்வி, பள்ளிக்கூடத்தில் சமயம் என்ன என்று கேட்பது போல என்று நினைத்தேன்.

பரிசோதனை இப்படித்தான். இரண்டு போத்தல் தந்தார். ஒன்றுக்குச் சிவப்பு மூடி, மற்றதற்கு நீல மூடி. இரண்டுக்குள்ளும் இருந்த குளிசைகள் பார்வைக்கு ஒன்று போலவே இருந்தன. ஒன்றில் மருந்து, மற்றதில் வெறும் மா. எது எதில் என்று எங்களுக்கும் தெரியாது, டொக்டருக்கும் தெரியாது. அவரிடம் மருந்து கட்டிக் கொடுப்பவர் மட்டும் அதை ஒரு கடித உறையில் எழுதி ஒட்டி வைத்திருந்தார். முதல் ஒரு கிழமை ஒன்றும் போடாமல் பார்க்க வேண்டும். பிறகு சிவப்பு மூடி மூன்று கிழமை. ஒரு கிழமை விட்டு, நீல மூடி மூன்று கிழமை. இராவில் விளக்கைப் பிடித்துக்கொண்டு பார்த்தால் அவர் எழும்பிவிடுவார் என்பதால், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் படுக்கிற ஒரு மணித்தியாலத்தில் மூச்சு எத்தனை தரம் நிற்கிறது என்று நான் எண்ணி எழுத வேண்டும். மூச்சு நின்றவுடன் மனதுக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்குங்கோ, பத்துக்கு மேல் போனால் ஒரு தரம் என்று கணக்கு வையுங்கோ என்றார். இன்னொன்றும் கண்டிப்பாகச் சொன்னார். என்ன வந்தாலும் எழுப்பக்கூடாது, எழுப்பினால் கணக்குப் பிழைத்துவிடும்.

நான் புளியங்கொட்டை வைத்து எண்ணினேன். இரண்டு தேங்காய்ச் சிரட்டை. ஒன்றிலிருந்து எடுத்து மற்றதில் போடுவேன். தம்பி, அந்த ஒரு மணித்தியாலத்தை நான் எப்படிச் சொல்ல? இருபத்திரண்டு வருடம் பக்கத்தில் படுத்தவள், அவர் மூச்சை ஒருநாளும் பார்த்ததில்லை. குறட்டை ஏறிக்கொண்டே போய்ச் சட்டென்று அறுந்துவிடும். நெஞ்சு மட்டும் எழும்பும், காற்று வராது. உதடு கறுத்துக்கொண்டு போகும். ஏழு, எட்டு, ஒன்பது. எழுப்பு எழுப்பு என்று கை தானாகப் போகும், மற்றக் கையால் அதைப் பிடித்துக்கொள்வேன். பதினைந்து, பதினெட்டு. பிறகு ஒரு பெரிய உறுமலோடு மூச்சுத் திரும்பும். ஒரு கொட்டை. நான் நெற்றி வியர்வையைத் துடைத்து முடிய முந்தி அடுத்தது தொடங்கிவிடும். முதல் கிழமையில் சிரட்டைக்குள் நாற்பதுக்குக் குறையாமல் விழுந்தது. எழும்பி வந்து, "இண்டைக்கு எத்தினை?" என்று பரீட்சை எழுதின பிள்ளை மாதிரிக் கேட்பார். கூடிய எண்ணைச் சொன்னால் முகம் வாடிவிடும். அதற்காக நான் எண்ணை ஒருநாளும் குறைத்துச் சொன்னதில்லை. கணக்கில் நான் நேர்மையானவள் என்று எனக்கு அவ்வளவு பெருமை.

சிவப்பு மூடி தொடங்கியது. கொட்டை முப்பத்தைந்து என்றது, சில நாள் முப்பது என்றது, ஒரு நாள் மறுபடி நாற்பதுக்குப் போனது. அப்பா குளிசையை நேரம் தவறாமல் போட்டார். தவறணைக்கும் நேரம் தவறாமல் போனார். வாய் காய்கிறது என்று சொன்னார். அதையும் எழுதினேன். மூன்று கிழமை முடிந்தது. ஒரு கிழமை விட்டு நீல மூடியைத் திறந்த நாள்தான் கேதாரகௌரி விரதம் தொடங்கின நாள். நாள் பார்த்துச் செய்ததல்ல, அப்படி விழுந்துவிட்டது. அந்த இருபத்தொரு நாளும் எங்கள் வீட்டில் மீன், இறைச்சி என்று மச்சம் புழங்காது என்று உனக்குத் தெரியும். அப்பாவும் என்னோடு சேர்ந்து மரக்கறிச் சாப்பாடுதான். தவறணைப் பக்கம் தலை வைத்தும் படுக்க மாட்டார். கடைசி நாள் கோயிலில் காப்புக் கட்டும் வரை அந்தக் கட்டுப்பாட்டை அவர் ஒரு வருடமும் மீறியதில்லை. அது என் தாலிக்காக நான் பிடிக்கிற விரதம் அல்லவா.

நாலாம் நாள் இருபது கொட்டை. ஒரு கிழமையில் பதினைந்து. கடைசிக் கிழமையில் எட்டு, பத்து. அவர் எண்ணெய் வைத்த கதவு மாதிரிச் சத்தமில்லாமல் தூங்கினார். நான் எண்ணுவதற்கு ஒன்றுமில்லாமல் சிரட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எழும்பினால் முகம் தெளிந்திருக்கும். வேலி அடைத்தார், கிணற்றை இறைத்துச் சேறு எடுத்தார். உனக்குத் தன் கைப்பட ஒரு கடிதம் எழுதினார். நினைவிருக்கிறதா? "நான் சுகமாக இருக்கிறேன், நீ வா" என்று. அவர் எழுதினது அந்த ஒன்றுதான். நீ அதை வைத்திருக்கிறாயோ தெரியாது. வைத்திருந்தால் கவனமாக வைத்திரு.

காப்புக் கட்டின அடுத்த கிழமை நானும் அப்பாவும் மட்டும் டவுனுக்குப் போனோம். அண்ணைக்கு அன்று ஏதோ வேலை. டொக்டர் என் கடதாசியைப் பார்த்துவிட்டுக் கதிரையை விட்டே எழும்பிவிட்டார். நீலம் நல்லாய் வேலை செய்திருக்கு என்றார். உறையைக் கிழித்தார். நீலத்தில் இருந்தது வெறும் மா. மருந்து இருந்தது சிவப்பில். அவர் முகம் வெளிறிப்போனதை இப்போதும் காண்கிறேன். என்னைப் பார்த்து, இந்த மூன்று கிழமையும் வேறு ஏதாவது மாறினதா என்று கேட்டார். விரதம் என்று சொன்னேன். எழுதினார். மச்சம் இல்லை, எழுதினார். மூன்று கிழமையில் இவர் அப்படி மெலியவும் இல்லையே என்று தனக்குள்ளே சொல்லிக்கொண்டார். பிறகு பேனையைக் கீழே வைத்துவிட்டு, வலு மரியாதையாகக் கேட்டார்.

"அம்மா, குறை நினைக்காதையுங்கோ. ஐயா கொஞ்சமும் பாவிக்கிறேல்லையோ? முந்தியும் இல்லையோ?"

"இல்லை" என்றேன்.

முதல் தரம் அண்ணை இருந்தார் என்று சொல்லலாம். இரண்டாம் தரம் யார் இருந்தார்? ஒருவரும் இல்லை. உன் அப்பா இருந்தார், அவர் தன் மணிக்கட்டில் கட்டின காப்பு நூலைத் திருகிக்கொண்டு நிலத்தைப் பார்த்தார். அந்த மனிசனுக்கு உண்மையைச் சொல்ல ஒரு தலையசைப்புப் போதும். என் சொல்லைப் பொய்யாக்க அவருக்கு மனம் வரவில்லை. நான் ஏன் சொன்னேன் என்று பதினொரு வருடமாக யோசிக்கிறேன். முதலில் சொன்னதை மாற்ற வெட்கம், அது ஒரு பாதி. மற்றப் பாதியைச் சொல்ல இன்னும் வெட்கமாக இருக்கிறது. வெறும் மா என்று அவர் சொன்னவுடன் எனக்குச் சந்தோசம் வந்தது. மருந்தல்ல, என் விரதம்தான் என்று நினைத்தேன். அம்மன் என் புருசனை எனக்குத் திருப்பித் தந்தாள் என்று நினைத்தேன். இதற்குள் கள்ளை ஏன் கொண்டுவர வேண்டும்? டொக்டர் பெருமூச்சு விட்டு, இந்தக் குளிசை ஐயாவுக்குக் கேட்கவில்லை, நிப்பாட்டுவோம் என்றார். அடுத்த வருடம் அவர் வெளிநாட்டுக்கே திரும்பிப் போய்விட்டார். அந்தப் பரிசோதனையை முழுக்கவே கைவிட்டுவிட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன். இன்னும் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள் என்று சொன்னேனே, அவர்களைப் பற்றியும் நினைக்கிறேன். அந்தக் குளிசை நல்லதோ கூடாததோ எனக்கு இன்றைக்கும் தெரியாது. அது தெரிய வராமல் செய்தவள் நான்.

விரதம் முடிந்தபிறகு அப்பா பழையபடி தவறணைக்குப் போனார். குறட்டையும் பழையபடி வந்தது. சிரட்டையை அடுப்பில் வைத்துவிட்டேன், கொட்டையை வீட்டுக் கோடியில் கொட்டிவிட்டேன், எண்ணவில்லை. எண்ணினால் தெரிந்துவிடும் என்று உள்ளுக்குள் ஒரு பயம் இருந்திருக்க வேண்டும். ஒருநாள் அவராகவே, "கள்ளு விட்டதாலைதான் சுகம் வந்ததோ தெரியேல்லை. ஒருக்கா டொக்டரிட்டைச் சொல்லிப் பார்ப்பமே?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. அம்மனை நம்பாமல் கதைக்காதையுங்கோ, அடுத்த வருடக் காப்போடு எல்லாம் சரியாகும் என்று வாயை அடைத்துவிட்டேன். கள்ளை விடுங்கோ என்று கூட நான் சொல்லவில்லை. சொன்னால் கள்தான் காரணம் என்று நானே ஒத்துக்கொண்டதாகிவிடும்.

அடுத்த விரதம் வர முந்தியே அவர் போய்விட்டார். உனக்குத் தந்தியில் கிணற்றில் தவறி விழுந்தார் என்று மட்டும் அறிவித்தோம். நடந்தது இதுதான். தண்ணீர் இறைக்கிற மிசின் பழுதாகி, திருத்தி வரும்போது மத்தியானம் ஆகிவிட்டது. வெங்காயம் வாடுகிறது என்று, தவறணையால் வந்து சாப்பிட்ட கையோடு, படுக்கிற நேரத்தில் தோட்டத்துக்குப் போனார். மிசினைப் போட்டுவிட்டுக் கிணற்றுக்கட்டில் இருந்திருக்கிறார். நான் வீட்டில் இருந்து மிசின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். சத்தம் நிற்காமல் கேட்டுக்கொண்டிருந்ததால், வேலை நடக்கிறது என்று நிம்மதியாக மா இடித்தேன். வெயில் சாய்ந்த பிறகு பக்கத்துத் தோட்டக்காரர் படலையில் வந்து நின்று கோபமாகக் கூப்பிட்டார். "உங்கடை தண்ணி என்ரை மிளகாய்க்குள்ளை முழங்காலளவுக்கு நிக்குது. மனிசன் எங்கை, நித்திரையோ?" அவர் அதைப் பகிடியாகத்தான் கேட்டார். அந்தச் சொல் காதில் விழுந்தவுடனே நான் ஓடத் தொடங்கிவிட்டேன்.

வெறியில் விழுந்தவர் என்று ஊர் கதைத்தது. மரண விசாரணைக்கு வந்தவரும் கேட்டார், குடிக்கிறவரோ என்று. அண்ணை எனக்கு முன்னால் நின்று, என் மச்சான் வாழ்நாளில் தொட்டதில்லை என்று அடித்துச் சொன்னார். நான் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு நின்றேன். இருபத்திரண்டு வருடம் நான் சொன்னதை அண்ணை நம்பியிருக்கிறார். செத்த வீட்டில் அவர் அழுததும் அந்த நம்பிக்கையோடுதான். உன் அப்பா வெறியில் விழவில்லை, தம்பி. நித்திரையில் விழுந்தார். ஸ்டேசன் வாங்கில் வந்த அதே நித்திரை. நீ வருகிற நேரம் முழித்திருக்க வேண்டும் என்று ஆசைப்பட்ட மனிசன் அவர். அவருக்கு உன்னை அனுப்புவதில் கவலை இல்லை என்று இனிமேல் நினைக்காதே.

இதெல்லாம் எனக்கு இவ்வளவு காலமும் அரைகுறையாகத்தான் தெரியும். மனதுக்குள் ஒரு முள், அவ்வளவுதான். உன் கடிதத்தில் ஓரிடத்தில் போகிற போக்கில் எழுதியிருக்கிறாய். குடித்தால் தொண்டைச் சதை இன்னும் தளர்ந்து மூச்சுக் கூட அடைக்குமாம், அதனால் டொக்டர்மார் கேட்கிற முதல் கேள்வியே அதுதானாம், "நான் குடிக்கிறதில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டேன் அம்மா" என்று. அந்த இடத்தில் நான் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, ஊரை விட்டு வந்து நான் தங்கியிருக்கிற உன் சின்னம்மா வீட்டு மா மரத்துக்குக் கீழே போய் இருந்தேன். சின்னம்மா சாப்பிடக் கூப்பிட்டாள். போகவில்லை.

ராசா, நீ குடிக்கிறாய் என்று எனக்குத் தெரியும். போன வருடம் யாரோ பிள்ளையின் பிறந்தநாளில் எடுத்த படம் என்று ஒன்று அனுப்பினாயே, அதில் எல்லோருடைய இரண்டு கையும் தெரிகிறது. உன் வலது கை மட்டும் முதுகுக்குப் பின்னால் போயிருக்கிறது. இருபத்திரண்டு வருடம் அப்படி ஒரு கையைப் பார்த்து வாழ்ந்தவளுக்கு அது விளங்காதா? நீ ஏன் இல்லை என்று எழுதினாய் என்றும் தெரியும். அம்மா அறிந்தால் கவலைப்படுவாள், கலியாணம் பேசுகிற நேரம் வேறு. என் வாயிலிருந்து வந்த சொல்லைத்தான் நீயும் படித்திருக்கிறாய். இதை வாசித்து முடிக்கும்போது அந்த வலது கையை முன்னுக்குக் கொண்டு வா. அந்த ஆஸ்பத்திரிக்குப் போய், நான் கொடுத்த கடதாசி பிழை, திருத்த வேண்டும் என்று கேள். எவ்வளவு, எப்போது என்று உள்ளதைச் சொல். குடிக்காதே என்று நான் இப்போது சொல்ல வரவில்லை, அதைச் சொல்ல வேண்டியவர்கள் சொல்லுவார்கள். பொய்யோடு அந்தக் குளிசையைப் போடாதே. உனக்கும் பிரயோசனமில்லை, உனக்குப் பிறகு அதைப் போடப் போகிறவர்களுக்கும் பிரயோசனமில்லை. அப்பா எதனால் செத்தார் என்று கேட்கிற இடத்தில், இந்த வருத்தத்தால் என்று எழுது. கள் குடிக்கிறவர் என்றும் எழுது. உன் பெரிய மாமாவுக்கும் ஒரு கடிதம் எழுதிவிட்டேன். அவர் என்ன நினைத்தாலும் நினைக்கட்டும்.

இன்னொன்று. உன் கலியாணப் பேச்சில் பெண் வீட்டார் என்னைக் கேட்டார்கள், மகனுக்குக் கெட்ட பழக்கம் ஏதும் உண்டா என்று. தொடமாட்டான் என்று சொல்லியிருந்தேன். நாக்குப் பழகின பாதையில் போய்விட்டது. முந்தநாள் குளித்துவிட்டு, தனியே அவர்கள் வீட்டுக்குப் போனேன். பெண்ணின் தகப்பன் இங்கே நீதவான் கோட்டில் கிளாக்காக இருந்தவர், அளந்து கதைக்கிறவர். முற்றத்துக் கதிரையில் இருந்து எல்லாவற்றையும் சொன்னேன், உன் வருத்தம், உன் குடி, அப்பாவின் கதை, என் பொய். சொல்லி முடித்தபோது எனக்கு உன் கலியாணத்தை என் கையாலேயே உடைத்துவிட்டேன் என்றுதான் பட்டது. கடைசியில், "அங்கை போய் வாழப்போறவள் அவள். அவள் சொல்லட்டும்" என்றார். பிள்ளை கதவுக்குப் பின்னால் நின்று கேட்டிருக்கிறாள். தகப்பனைத் தாண்டி வெளியே வந்தாள். எனக்குப் பக்கத்தில் வந்து நிலத்தில் இருந்தாள்.

"மாமி, அந்தப் புளியங்கொட்டை எண்ணுறது எப்பிடியெண்டு எனக்குச் சொல்லித் தருவியளோ?"

சொல்லிக் கொடுத்தேன். குசினிக்குள் போய் இரண்டு சிரட்டையும் ஒரு பிடி கொட்டையும் எடுத்து வந்தாள். மூச்சு ஏறுவது எப்படி, அறுவது எப்படி என்று நான் மூச்சை அடக்கிக் காட்டினேன். அவள் உதடு அசைய ஒன்று, இரண்டு என்று எண்ணினாள். எட்டுக்கு வந்தபோது என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினாள்.

"பத்து எண்ணியும் மூச்சு வராட்டி, மாமி?"

"எழுப்பு, பிள்ளை" என்றேன். "எழுப்பிப்போட்டு, எழுப்பினனான் எண்டதையும் டொக்டரிட்டைச் சொல்லு."

அம்மா